அது பிரெஞ்சுத் தொப்பி இல்லை, ஐயா!

முகவலை வைத்த தொப்பியைப் பற்றி எழுதப் போகிறேன். பிரெஞ்சில் அந்த வலைக்கு வுவாலெத் என்று பெயர். புருவத்துக்கு மேலே ஆரம்பித்து மூக்கு நுனி வரை, சிலதில் முகவாய் வரை, மெல்லிய சாய்சதுரக் கண்ணிகளாக இறங்கும். கப்ஸ் கோயில் பக்கமோ சம்பா கோயில் பக்கமோ வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன் வரிசையில் நாலு, பண்டிகை நாளில் இருபது என்று எண்ணிப் பார்த்திருப்பீர்கள். பிரசங்கம் நீளும்போது வேறு என்ன வேலை?

இப்போது அந்தத் தொப்பி மறுபடி பேச்சுக்கு வந்திருக்கிறது. ஒரு கூட்டம் அதைப் "பிரெஞ்சுப் பாரம்பரியம்" என்று சீட்டு ஒட்டி விற்கிறது. இன்னொரு கூட்டம், பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான், அதை "அடிமைப் புத்தியின் அடையாளம்" என்கிறது. இருவருக்கும் ஒரே பதில்தான் என்னிடம் இருக்கிறது. புதுச்சேரியில் நான் பார்த்த வலைத்தொப்பிகளில் பாதிக்கு மேல் பாரீசைப் பார்த்ததே இல்லை. அவற்றைச் செய்தவர்கள் இந்த ஊர்ப் பெண்கள். வீட்டுத் திண்ணையில், விளக்கு வெளிச்சத்தில், கூலிக்குச் செய்தார்கள். விற்கிறவனும் ஏசுகிறவனும் சேர்ந்து அந்தக் கைகளை மறைக்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

முதலில், எதற்காக அணிந்தார்கள்? பகட்டுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் 1917-ஆம் வருடத்துத் திருச்சபைச் சட்டத்தைப் படிக்க வேண்டும். கோயிலுக்குள் பெண்கள் தலையை மூடியிருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. புடவை கட்டியவர்களுக்கு முந்தானை இருந்தது, முக்காடு போட்டுக்கொண்டார்கள், செலவில்லை. கவுன் போட்டவர்களுக்கு முந்தானை ஏது? தொப்பியோ வலையோ வேண்டியிருந்தது. 1983-ல் வந்த புதிய சட்டத்தில் அந்த விதி இல்லை. அதற்குப் பல வருடம் முன்பே வழக்கம் தளர்ந்துவிட்டது. தொப்பி வைத்தவர்களுக்குத் தனி மரியாதை, தனி நாற்காலி இருந்தது என்பதையும் நான் மறைக்கவில்லை. தொப்பியை வைத்தே ஒரு சாராரைத் தொப்பாஸ் என்று அழைத்த ஊர் இது. அந்த ஏற்றத்தாழ்வு எனக்குப் பிடித்ததில்லை. ஆனால் அணிந்தவளின் அந்தஸ்தைப் பேசுகிறவர்கள் செய்தவளின் உழைப்பைப் பேசுவதே இல்லை.

என் அத்தை ஒருத்தி செய்தாள். சிறு வயதிலேயே கணவனை இழந்தவள், எங்கள் வீட்டின் பின்கட்டில் இருந்தாள். கன்னியர் மடத்தில் தையல் கற்றவள். 1957, 58-லிருந்து ஏழெட்டு வருடம் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குக் கண் மங்கல், எனக்கு வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்க ஒரு சாக்கு.

சாமான்கள் எங்கிருந்து வந்தன என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது. 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறிய பிறகு, கப்பலேறிய குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை ஏலத்துக்கு விட்டன. கட்டிலும் அலமாரியும் ஒரு பக்கம் போக, நசுங்கிய வைக்கோல் தொப்பிகள் ஒரு கட்டாகச் சில அணாவுக்குப் போகும். அத்தை அதை வாங்கிவரச் சொல்லுவாள். சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்களின் பெட்டிகளில் வலைத் துண்டு, ரிப்பன் எல்லாம் இருக்கும். பாக்கியெல்லாம் துய்ப்ளெக்ஸ் வீதிக் கடைகளில், அதாவது இன்றைய நேரு வீதியில், சட்டைக் காலருக்கு வைக்கிற பக்ரம், நூல், பட்டுத் துண்டு.

நசுங்கிய தொப்பிக்கு முதல் வைத்தியம் ஆவி. இட்லிக் கொப்பரையின் மூடியைச் சற்று விலக்கி, வருகிற ஆவியில் தொப்பியைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவாள். வைக்கோல் இளகும். உடனே துண்டு சுற்றிய மண்சட்டியின் மேல் கவிழ்த்து, கையால் நீவி, நாடா போட்டுக் கட்டி ஒரு இரவு விட்டுவிடுவாள். காலையில் புதுத் தலை. பழைய தொப்பி கிடைக்காவிட்டால் பக்ரத்தை நனைத்து அதே சட்டியின் மேல் இழுத்துப் போடுவாள். காய்ந்தால் சட்டியின் வடிவத்தில் நின்றுவிடும். விளிம்புக்குக் கம்பி. நம் ஊர்க் கடற்காற்றில் வெறும் கம்பி ஒரு மாதத்தில் துருவேறித் துணியில் கறை இறங்கும். அதனால் துணி நாடாவை நெருக்கமாகச் சுற்றி, அதன் பிறகே காஜாத் தையலில் விளிம்போடு பிடிப்பாள். குளிர்நாட்டுக் கம்பளித் தொப்பி எப்போதாவது வரும். அதை விறைப்பாக்க தச்சரிடம் மெருகுக்கு வைத்திருக்கும் அவலரக்கை வாங்கி, ஸ்பிரிட்டில் கரைத்து உட்பக்கம் பூசுவாள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பாவிலும் கம்பளித் தொப்பியை விறைப்பாக்கியது அதே அவலரக்குதான். அது போனது நம் நாட்டு அரக்குக் காடுகளிலிருந்து!

வலைதான் சிரமம். ஒன்பது அங்குல அகலம், ஒரு கெஜத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். கீழ் மூலைகள் இரண்டையும் வளைத்து வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் காதருகே மடிந்து நிற்கும். மேல் விளிம்பில் ஊசியைக் கண்ணி தவறாமல் கோத்து வந்து, நூலைச் சுருக்கி, தொப்பியின் சுற்றளவுக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணியின் இழையைக் குத்தக் கூடாது, ஓட்டைக்குள்தான் போக வேண்டும். ஒரு கண்ணி தவறினால் அந்த இடத்தில் வலை சாய்ந்து முகமே கோணலாகத் தெரியும். கடைசியில் ஒரு சோதனை. வாங்க வந்த மதாமை முற்றத்தில் உட்கார வைத்து, "கண்ணைக் கொட்டுங்க மதாம்" என்பாள். இமை மயிர் வலையில் தட்டக் கூடாது. தட்டினால் மறுபடி பிரித்து, விளிம்பை ஒரு நூல் அளவு முன்னுக்குத் தள்ளித் தைப்பாள். துக்கத்துக்குக் கறுப்பு வலை முகவாய் வரை. மற்றதற்கு மூக்கு நுனியோடு நிற்கும்.

இறகு என்றால் சேவல் இறகுதான், சாயம் தோய்த்தது. ஐரோப்பியத் தொப்பிகளுக்காகக் கொக்குகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று, கடைசியில் இங்கிலாந்து 1921-ல் சட்டம் போட்டு இறகு இறக்குமதியைத் தடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டில் சேவல் குழம்புக்குப் போனது, இறகு தொப்பிக்குப் போனது.

முழுத் தொப்பிக்கு மூன்று ரூபாய். வலை மாற்ற ஒன்றரை. ஒரே தொப்பி ஈஸ்டருக்கு வெள்ளை ரிப்பனோடு போகும், மாமனார் இறந்தால் கறுப்பு வலையோடு திரும்பி வரும், வருடம் முடிந்தால் கறுப்பைப் பிரித்துச் சாம்பல் நிறம். அஞ்சாறு வருடம் இப்படி ஓடும். தையல் என்பதால்தான் இது முடிந்தது. பிரித்துத் தைக்கலாம் என்கிற ஒரே குணத்தில்தான் அந்தத் தொழிலே நின்றது.

இனி அடிமைப் புத்தி என்கிறவர்களிடம் வருகிறேன். ஷனேல் என்ற பெயரை வாசனைப் புட்டியில் பார்த்திருப்பீர்கள். அந்த அம்மாள் 1910-ல் பாரீசில் ரூ கம்போனில் கடை திறந்தது தொப்பிக்காக. கடையில் விற்கிற சாதாரண வைக்கோல் தொப்பியை வாங்கி, தானே அலங்கரித்து விற்றுத்தான் மேலே வந்தாள். லான்வேன் அம்மாளும் 1889-ல் தொடங்கியது தொப்பிக் கடைதான். அவர்கள் செய்தால் கலை, என் அத்தை அதே வேலையைப் பின்கட்டில் செய்தால் அடிமைத்தனமா? பிரெஞ்சில் ஆண்கள் தொப்பி செய்கிறவனுக்கு ஷப்பெலியே, பெண்கள் தொப்பி செய்கிறவளுக்கு மொதீஸ்த் என்று தனித்தனிப் பெயர் உண்டு. நாம் அத்தைக்கு வைத்த பெயர் "தையக்காரம்மா".

இன்னொன்று. உடுப்பு விஷயத்தில் இந்த ஊர் ஒருபோதும் வாய் மூடி இருந்ததில்லை. 1873-ல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வரக் கூடாது என்று தடுத்தார்கள். மனிதர் விடவில்லை. பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். அவர் சப்பாத்து போட்டதை யாராவது அடிமைத்தனம் என்பார்களா? அது உரிமை. ஆணின் காலுக்கு ஒரு நியாயம், பெண்ணின் தலைக்கு வேறு நியாயம் என்றால் எனக்குப் புரியவில்லை.

அடுத்தது விற்கிறவர்கள். இவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். வெள்ளை நகரத்தில் ஒரு கடை. பெயர் வேண்டாம். கல்யாணப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு வலைத்தொப்பி விற்கிறார்கள். "பிரெஞ்சுக் கைவினை" என்று சீட்டு, விலை 2,800 ரூபாய். புரட்டிப் பார்த்தேன். ஒரு தையல் கிடையாது! எல்லாம் சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டியது. வலை ஒரு இடத்தில் கொத்தாகவும் ஒரு இடத்தில் வெறுமையாகவும் இருந்தது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரம் வைத்தால் பசை இளகிவிடும். பிரித்து வேறு வலை வைக்கலாம் என்றால் பசையோடு துணியும் கிழிந்து வரும். ஒரு கல்யாணம், ஒரு படம், பிறகு குப்பை.

ஒட்டித் தருகிற பெண்கள் ஊருக்கு வெளியே இருக்கிறார்கள். ஒரு தொப்பிக்கு 120 ரூபாய் என்று அவர்களில் ஒருத்தி என்னிடம் சொன்னாள். அவளுக்குத் தைக்கவும் தெரியும், நன்றாகவே தெரியும். "தைத்தால் நேரமாகும், அதே 120தான் தருவாங்க, சார்" என்றாள்.

36 வருடம் அரசாங்கத்தில் பில் சரிபார்த்த குமாஸ்தா நான். கணக்கு போடாமல் இருக்க முடியாது. வலை, பக்ரம், கம்பி, இறகு எல்லாம் அவள் சொன்னபடி 400 ரூபாய். கூலி 120. ஆக 520. கடைக்கு மிச்சம் 2,280. ஒழுங்காகத் தைக்க ஒன்றரை நாள் ஆகும். நாளுக்கு 600 வீதம் கூலி 900 கொடுங்கள். பொருளோடு 1,300. அப்போதும் 1,500 மிச்சம். வாடகை, மின்சாரம், விற்கிற பெண்ணின் சம்பளம் எல்லாம் உண்டு, தெரியும். அதற்காகச் செலவுக் கணக்கில் மிகச் சிறிய வரியைப் பிடித்து நசுக்குவானேன்?

கடைக்காரரிடம் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். "வாடிக்கையாளர் உள்பக்கம் பார்ப்பதில்லை, முசியே" என்றார். பார்க்கக் கற்றுக்கொடுப்பது யார் வேலை? "பிரெஞ்சு" என்று சீட்டில் அச்சடிக்க முடிந்தவருக்கு, செய்தவள் பெயரையும் ஊரையும் அதன் கீழே ஒரு வரி அச்சடிக்க முடியாதா? பெயர் போட்டால் நாளைக்கு அவள் நேராக விற்க ஆரம்பித்துவிடுவாள் என்கிற பயம்தான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். விற்கட்டுமே!

கையால் தைத்ததற்கு மக்கள் காசு கொடுக்க மாட்டார்கள் என்கிறார்கள். க்ளூனி கன்னியர் நடத்தும் பூத்தையல் கூடத்தில் மேசை விரிப்பு வாங்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பார்த்த பிறகும் இதைச் சொல்ல முடிகிறதா? கை வேலைக்கு மதிப்புக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பசையைக் கை வேலை என்று விற்பதுதான் அவர்களை ஓட்டுகிறது.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் வீட்டில், பரணில், பாட்டி பெட்டியில் அப்படி ஒரு தொப்பி கிடக்கலாம். பாரீஸ் தொப்பி என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லுவதற்கு முன் தயவுசெய்து புரட்டிப் பாருங்கள். உள்ளே கடைப் பெயர் அச்சடித்த துண்டு இருந்தால் சரி, அது வந்த தொப்பி. இல்லாவிட்டால் உட்பட்டியை மெல்ல விரலால் விலக்குங்கள். தலைக்குப் பொருந்த மடித்து வைத்த தமிழ்ச் செய்தித்தாள் இருக்கலாம். அது மட்டும் சாட்சி ஆகாது, அணிந்தவளே வைத்திருக்கலாம். கம்பியைத் தடவிப் பாருங்கள், மேலே துணி நாடா சுற்றியிருக்கிறதா என்று. உள்துணி சட்டைக் காலர் பக்ரமா என்று பாருங்கள். வலை பிடித்த இடத்தில் பழைய ஊசித் துளைகள் இரண்டு மூன்று வரிசையாக இருந்தால், அது பல தடவை பிரித்துத் தைத்த தொப்பி. வீட்டில் மூத்தவர்கள் யாராவது இருந்தால் யாரிடம் கொடுத்துத் தைத்தார்கள் என்று இப்போதே கேளுங்கள். பெயர் கிடைத்தால் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். தொப்பியைத் துவைக்க வேண்டாம், பக்ரம் நனைந்தால் வடிவம் போய்விடும். காற்றாட நிழலில் வைத்தால் போதும்.