1729 போதும், இந்த 13 இலக்க எண்ணைப் பிரிச்சுப் பாருங்க

டிசம்பர் 22 வந்தா போதும், காலேஜ்ல தேசிய கணித தினம். போஸ்டர் நடுவுல பெருசா 1729. டாக்ஸி நம்பர் கதையும், கனவுல நாமகிரித் தாயார் கணக்கு சொன்ன கதையும் மேடையில மறுபடி வரும். கைதட்டிட்டு கேன்டீனுக்குப் போயிடுவோம். ராமானுஜன் போட்ட கணக்குல ஒண்ணையாவது நாம போட்டுப் பார்க்கிறோமா?

இந்த வருஷம் இதை எடுத்துக்கோங்க: 67,46,32,83,88,800.

1915-ல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை 'உயர் பகு எண்கள்' பற்றியது. 12-க்கு 6 வகுத்திகள். 12-ஐவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் 6 வகுத்திகள் கிடையாது. அதனால 12 ஒரு உயர் பகு எண். இப்படிப்பட்ட எண்களை அவர் கையாலேயே பட்டியல் போட்டார். அதில் கடைசி எண்தான் மேலே இருப்பது. கும்பகோணத்தில் எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கிக் கொடுத்தது இந்த ஆராய்ச்சிதான்.

பிரிச்சா இப்படி வரும்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்க: 7×5×3×3×2×2×2×2×2 = 10,080. அத்தனை வகுத்திகள்! அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என்று ஏறாமல் இறங்கி வருவதையும் கவனிங்க. எல்லா உயர் பகு எண்ணும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம். அந்தப் பட்டியலில் நடுவில் ஒரு எண் விட்டுப்போச்சு: 2,93,31,86,25,600. அதை 23-ஆல் பெருக்கினா அவருடைய கடைசி எண்ணே வரும், போட்டுப் பாருங்க. கனவுல விடை வந்திருந்தா நடுவுல ஒண்ணு விட்டுப்போகாது. உட்கார்ந்து உழைச்சவருக்குத்தான் அப்படி நடக்கும். அவரை மந்திரவாதி ஆக்கினா, நாம உழைக்க வேண்டிய பொறுப்பு போயிடுது. அதுதான் நமக்கு வசதி.

'இதெல்லாம் எதுக்கு மச்சி?'னு கேட்டா, உத்தனப்பள்ளியில இருந்து ஓசூர் வரைக்கும் கியர் வெட்டுற ஏதாவது ஒரு பட்டறையில நின்னு பாருங்க. சாதாரண டிவைடிங் ஹெட்ல கைப்பிடியை 40 சுத்து சுத்தினா ஜாப் ஒரு சுத்து சுத்தும். 20 பல்லுக்கு, பல்லுக்கு 2 சுத்து. 23 பல்லுன்னா? 23 பகா எண், 40/23 சுருங்கவே சுருங்காது. 23 ஓட்டை வட்டம் உள்ள தட்டை மாட்டி, ஒரு முழுச் சுத்தும் 17 ஓட்டையும் நகர்த்தணும். 127 பல்லுன்னா சாதாரண இன்டெக்ஸிங்கே உதவாது, டிஃபரன்ஷியல் முறைக்குப் போகணும். எண் பெருசா சின்னதாங்கிறது அங்கே இரண்டாம் பட்சம். அது எப்படிப் பிரியுதுங்கிறதுதான் முதல் கேள்வி.

அதனால இந்த டிசம்பர்ல பேச்சுப்போட்டிக்குப் பதிலா ஒரு கரும்பலகை வைக்கச் சொல்லுங்க. விட்டுப்போன எண்ணை மேலே எழுதி, ஜூனியர்ஸ் கையில சாக்பீஸைக் கொடுங்க. போனை மட்டும் வாங்கி வெச்சுக்கோங்க.