வாடகைக் கார் பட்ஜெட்டில் முதல் வரி: தூக்கம்

கொஞ்சம் நீளமான த்ரெட். குடும்பத்தோடு கார் எடுத்து ஊர் சுற்றப் போறவங்க பொறுமையா படிங்க.

1/
லீவு நெருங்கினா எங்க அயனம்பாக்கம், திருவேற்காடு, அம்பத்தூர் பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே கேள்விதான். "கொடைக்கானல் மூணு நாள். செல்ஃப் டிரைவ் கார் கம்மி ரேட்ல யாராவது சொல்லுங்க."

பதிலும் ரெடியா வரும். "தெரிஞ்ச பையன் ஓன் போர்டு வண்டி தர்றான். ராத்திரி 10 மணிக்குக் கிளம்புங்க, விடியறப்போ மலை ஏறிடலாம். ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம்."

இதில் ரெண்டு மிச்சம் இருக்கு. ஒன்று காரில், ஒன்று தூக்கத்தில். மருத்துவரா என் கருத்து: இந்த ரெண்டு இடத்தில் மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது. மற்ற எல்லாவற்றிலும் தாராளமா பிடிங்க.

2/
முதலில் கார். வண்டியின் மாடலைப் பார்ப்பதற்கு முன்னால் நம்பர் பிளேட்டைப் பாருங்க.

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து: சொந்த உபயோக வண்டி. நாம் சொல்ற ஓன் போர்டு.
மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து: டிரைவரோடு வரும் டாக்ஸி. டி போர்டு.
கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து: நீங்களே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விட உரிமம் பெற்ற வண்டி.

செல்ஃப் டிரைவுக்கு இந்த மூன்றாவதுதான் சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 1989-லேயே இதற்கென்று தனித் திட்டம் வந்துவிட்டது. ஆப்பில் புக் செய்தாலும், நேரில் வந்து நிற்கும் வண்டியின் பிளேட்டை ஒருமுறை பாருங்க.

3/
"பிளேட் கலர்ல என்ன டாக்டர் இருக்கு?" என்று கேட்கலாம். கலரில் ஒன்றுமில்லை. காப்பீட்டில் இருக்கு.

சொந்த உபயோக வண்டிக்கான பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு: வாடகைக்கு விடக் கூடாது. விட்ட நேரத்தில் வண்டி அடிபட்டால், சேதத்துக்குப் பணம் தர மறுக்க கம்பெனிக்கு வழி இருக்கு. எதிரே வந்தவருக்குக் காயமோ உயிரிழப்போ என்றால், நீதிமன்ற உத்தரவுப்படி கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு வண்டி ஓனரிடம் வசூலிக்கப் பார்க்கும். ஓனர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு 'ஓனர்-டிரைவருக்கு' மட்டும். ஓனரே ஓட்டினால்தான் அது பொருந்தும். வாடகைக்கு எடுத்து ஓட்டுற நீங்க அந்தக் கணக்கிலேயே இல்லை.

4/
அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்க. அங்கே கவுண்டரில் கார் வாடகை ஒரு வரி, காருக்கு வரும் சேதத்துக்கு ஒரு வரி, அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு ஒரு வரி, குழந்தை சீட்டுக்கு ஒரு வரி. 25 வயதுக்குக் கீழே என்றால் அதற்கும் தனிக் கட்டணம். பில்லைப் பார்த்து எரிச்சல் வரும். ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம், எது நமக்கு இல்லை என்பது கண் முன்னால் தெரியும்.

நம்ம ஊர் 'தெரிஞ்ச பையன்' ரேட்டில் அந்த வரிகள் இல்லை. அதனால்தான் ரேட் கம்மி. நாளுக்கு 700 ரூபாய் குறைவு என்றே வைத்துக்கொள்வோம், மூன்று நாளைக்கு 2,100. அந்த 2,100-க்காக அவ்வளவு பெரிய ரிஸ்க்கையும் நம் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறோம்.

5/
அடுத்தது தூக்கம். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

காலை 6 மணிக்கு எழுந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் முழு நாள் வேலை பார்த்து, வீட்டுக்கு வந்து பெட்டி கட்டி, ராத்திரி 10 மணிக்கு வண்டியை எடுக்கிறார் ஒருவர். வானகரம் டோல் தாண்டி, பெருங்களத்தூர் வழியா செங்கல்பட்டு தொடும்போது மணி 11. அவர் விழித்து 17 மணி நேரம் ஆச்சு.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண், மூளை ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவர் அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவு 0.03. அதாவது செங்கல்பட்டிலேயே, ஒரு சொட்டு குடிக்காமல், எல்லையைத் தாண்டியாச்சு.

திண்டுக்கல் வரும்போது விடியற்காலை 4 மணி. விழித்து 22 மணி நேரம். உடம்பின் கடிகாரமே 'தூங்கு' என்று கட்டளை போடும் நேரம் அது. அதற்குப் பிறகுதான் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம்.

6/
"நான் தூங்க மாட்டேன் சார், பழக்கம்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 25 மீட்டர் போகும். கண் திறந்தபடியே 4 நொடி மூளை அணைந்தால் 100 மீட்டர். அந்த 100 மீட்டரை யாரும் ஓட்டவில்லை.

கண்ணாடியை இறக்குவது, பாட்டுச் சத்தம் கூட்டுவது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். டீ, காபி வேலை செய்யவே அரை மணி ஆகும். வேலை செய்யும் மருந்து ஒன்றுதான்: பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 15-20 நிமிடம் தூங்குவது. அதுவும் தற்காலிகம். முழு மருந்து, ராத்திரி படுக்கை.

சளி, அரிப்பு, வாந்திக்குப் போடும் மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைக்கும். மலைப்பாதை வாந்திக்கு மாத்திரை போட்டவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

7/
"அப்போ ஆக்டிங் டிரைவர் போட்டுக்கிறோம்." நல்லது. ஆனால் அவரும் மனிதர். பகலில் வேறு வண்டி ஓட்டிவிட்டு வந்தாரா என்று கேளுங்க. பேட்டா கொடுத்தாச்சு, வண்டியிலேயே படுத்துக்குவார் என்று விடாதீங்க. அவருக்கும் ஒரு கட்டில் உங்கள் பட்ஜெட்டில் வேண்டும். நாலு பேர் உயிர் அவர் கையில். இதைவிடச் சுயநலமான காரணம் வேண்டுமா?

8/
எந்த வண்டி எடுப்பது? என் கிளினிக் பாஷையில் சொல்றேன்.

முதலில் தலைகளை எண்ணுங்க, பிறகு சீட் பெல்ட்டை எண்ணுங்க. பெல்ட் குறைந்தால் அந்த வண்டி வேண்டாம். பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம்.

14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்க. முன் சீட்டில் மடியில் குழந்தை என்பது பலரும் பாசத்தில் செய்யும் ஆபத்து. மோதினால் ஏர்பேக் முதலில் அடிப்பது அந்தக் குழந்தையைத்தான். குழந்தை இருக்கை வண்டியோடு வருமா என்று கேளுங்க, வராவிட்டால் நீங்களே வாங்குங்க.

மூட்டு வலி உள்ள பாட்டிக்குத் தாழ்வான செடான் வேண்டாம். சீட்டின் உயரம் அவர் முழங்காலுக்குச் சமமாக இருந்தால் உட்கார்ந்து எழுவது சுலபம்.

ஏழு சீட்டர் என்றால் மூன்றாவது வரிசையைப் போட்ட பிறகு டிக்கியில் எவ்வளவு இடம் இருக்கு என்று பாருங்க. மடியில் பெட்டியோடு 500 கிலோமீட்டர் போக முடியாது.

9/
இப்போ பட்ஜெட். வழக்கமா நாம் வாடகை, பெட்ரோல், ரூம், சாப்பாடு என்று போட்டு, மிச்சமிருந்தால் பாதுகாப்பு. இதைத் தலைகீழாப் போடுங்க.

அ) போகும் வழியில் ஒரு ராத்திரி திருச்சியில் ரூம். திரும்பும்போதும் பகல் பயணம் அல்லது இன்னொரு ராத்திரி. திங்கள் காலை ஆபீஸ் போயே ஆகணும் என்று ஞாயிறு ராத்திரி முழுக்க ஓட்டுவதும் அதே தப்புதான்.
ஆ) கறுப்பு பிளேட் வாடகை. ஓட்டுபவருக்குத் தனி விபத்துக் காப்பீடு. வண்டி சேதமானால் நம் பொறுப்பு எவ்வளவு என்று எழுத்தில்.
இ) பெட்ரோல்: போக வர, அங்கே சுற்ற 1,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 என்றால் 80 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் 8,000.
ஈ) டோல். வண்டியின் ஃபாஸ்டேக்கில் யார் பணம் போடணும் என்று முன்பே பேசுங்க.
உ) கிலோமீட்டர் வரம்பு. 'நாளுக்கு 300' என்று இருந்தால் 4 நாளைக்கு 1,200 சரியா முடிந்துவிடும். மேலே போனால் கிலோமீட்டருக்கு எவ்வளவு?
ஊ) அவசரத்துக்கு ஒரு தொகை. தொடக் கூடாது.

இதற்கெல்லாம் போக மிச்சம் இருப்பதில்தான் ஏரிக்கு எதிரே உள்ள ரூமா, உள்ளே தள்ளி உள்ள ரூமா என்ற கேள்வி.

10/
கணக்கு இடிக்குதா? அப்படியென்றால் கார் வேண்டாம் என்பதும் ஒரு நல்ல முடிவு. எழும்பூரிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் படுத்துத் தூங்கினால் காலையில் கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து டி போர்டு டாக்ஸி. மலைப்பாதையைத் தினமும் ஓட்டுபவர் ஓட்டுவார், நீங்க ஜன்னல் வழியே பார்ப்பீங்க. வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் ஓட்டத் தெரியும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

11/
கிளம்பும் முன்:
வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ. கீறல், டயர், ஸ்டெப்னி, பெட்ரோல் முள் எல்லாம் தெரியணும்.
ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் உண்டு. வண்டி நம்பர் கேட்கும், முன்பே வாங்கி வைங்க.
சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர் ஓட்டினால் வேளை தவறாமல் சாப்பிடணும். கைக்கெட்டும் இடத்தில் குளுக்கோஸ். இன்சுலினைப் பூட்டிய காரில் வெயிலில் விடாதீங்க.
4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போனால் கால் நரம்பில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு இரு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மொத்தத்தில் ரொம்பக் குறைவான வாய்ப்புதான், பயம் வேண்டாம். இரண்டு மணிக்கு ஒருமுறை எல்லோரும் இறங்கி நடங்க, தண்ணி குடிங்க.
போனில் 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சைக்கு, 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கு. பணத்துக்கு யோசித்து யாரையும் ரோட்டில் விடாதீங்க.

12/
கார் எடுத்துப் போகாதீங்க என்று சொல்லவில்லை. போங்க. பாட்டி, பேத்தி எல்லோரும் ஒரே வண்டியில் பேசிக்கொண்டே போவது மனசுக்கு நல்லது.

குரூப்பில் அடுத்த முறை யாராவது "ராத்திரி கிளம்பினா ஒரு நாள் ரூம் மிச்சம்" என்று போட்டால், இதை அங்கே ஃபார்வர்ட் பண்ணுங்க. ஒரே ஒரு வீடாவது திருச்சியில் ரூம் போட்டுத் தூங்கிவிட்டுப் போனால் எனக்குச் சந்தோஷம்.

நல்லபடியா போய்ட்டு வாங்க.