பூஞ்சணத்துக்குக் கறுவா எண்ணெய், காய்ந்த பிறகு

ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடப் போகிறவர்கள் திரும்பும்போது பையில் கச்சானும் புழுக்கொடியலும் இருப்பது வழமை. இரண்டுமே பூஞ்சணத்துக்கு எளிதில் இடங்கொடுப்பவை. புழுக்கொடியலுக்காகப் பனங்கிழங்கை அவித்துப் பிளந்து வெயிலில் போட்டால் வெளிப்புறம் முதலில் இறுகிவிடும். நடுநரம்பு இருந்த குழிக்குள் ஈரம் தங்கும். கடற்காற்றும் சேர்ந்துகொண்டால் அந்தக் குழியில்தான் சாம்பற்பச்சைத் தூள் தெரியத் தொடங்கும். துணியால் துடைத்துவிட்டுத் தின்பவர்கள் உண்டு. பூஞ்சணம் எல்லாமே நஞ்சு சுரப்பதில்லை என்பது உண்மை. ஆனால் எது சுரக்கும், எது சுரக்காது என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, அவற்றின் தீவனத்தில் இருந்த கச்சான் பிண்ணாக்கிலிருந்தே அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு பிடிபட்டது. ஈரல் புற்றுநோயைத் தரக்கூடிய அந்த நஞ்சு வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாக அழிவதில்லை. 2021 மார்ச்சில் இலங்கைக்கு இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அது இருந்ததாக எழுந்த சர்ச்சை இன்னும் பலருக்கு நினைவிருக்கும்.

பூஞ்சணத்தைத் தடுக்க இப்போது பேசப்படுபவை தாவரச் சாறுகளும் எண்ணெய்களும். அந்தப் பேச்சில் சாரம் இருக்கிறது. கராம்பிலும் கறுவா இலையிலும் உள்ள யூஜினோல், ஓமத்தில் உள்ள தைமோல், கறுவாப்பட்டையின் சின்னமல்டிகைட்டு ஆகியவை பூஞ்சணமாகத் தெரியும் பங்கசின் உயிரணுச் சவ்வைக் குலைக்கின்றன. வேப்பிலையின் கதை இன்னும் சுவையானது. 1988இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, வேப்பிலைச் சாறு பங்கசின் வளர்ச்சியை நிறுத்தவில்லை. அது நஞ்சு உண்டாக்குவதைத்தான் பெருமளவு தடுத்தது. அதாவது பூஞ்சணம் தெரியும், நஞ்சு குறைந்திருக்கும். மறுபுறம், பூஞ்சணமே தெரியாத பண்டத்திலும் முன்பு சுரந்த நஞ்சு அப்படியே கிடக்கலாம். கண்ணை நம்பிப் பயனில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

தாவர எண்ணெய் உதவும்; அதை வெயிலுக்குப் பதிலாக வைப்பதுதான் பிழை. ஈரம் போதிய அளவு இறங்கிவிட்ட பண்டத்தில், அஃப்ளாடொக்சினைச் சுரக்கும் அஸ்பர்ஜிலசு என்ற பங்கசு வளராது. ஈரமான பண்டத்தை எந்த எண்ணெயும் நெடுநாள் காக்காது. ஆய்வுகூடத் தட்டில் சிறிதளவிலேயே பங்கசை அடக்கும் எண்ணெய், கொழுப்பும் மாவும் நிறைந்த உணவில் கலந்ததும் வலுவிழக்கிறது. அளவைக் கூட்டினால் புழுக்கொடியல் கராம்பாய் மணக்கும், வாங்குவார் இல்லை. அளவு குறைந்தாலும் சிக்கல்தான்: அரைகுறையாக அடக்கப்பட்ட பங்கசு முன்னிலும் கூடுதலாக நஞ்சு சுரந்ததைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே எண்ணெயை உணவில் பிசைவதைவிட, நன்கு காய்ந்த பண்டம் உள்ள காற்றுப்புகாப் பொதியில் அதன் ஆவியை நிரப்புவதே பொருத்தம் என்று நினைக்கிறேன். ஒரு காகிதத் துண்டில் ஊறவைத்த சில துளி போதுமா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

இயற்கையானது தீங்கு செய்யாது என்பவர்களுக்கு ஒன்று: அஃப்ளாடொக்சினும் இயற்கையானதுதான். கிருமியைக் கொல்லும் என்று நாம் நம்பும் செத்தல் மிளகாயிலேயே அது அடிக்கடி அகப்படுகிறது; அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்க்குக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. செலவைச் சொல்லி மறுப்பவர்களின் கவலை நியாயமானது. ஆனால் கறுவா இலை எண்ணெய், பட்டை உரிக்கும்போது கழிக்கப்படும் இலைகளிலிருந்து நம் நாட்டிலேயே வடிக்கப்படுவது. பட்டை எண்ணெயைவிட மலிவு. கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் புழுக்கொடியலையும் ஒடியல் மாவையும் எடுத்து, எந்த ஈரப்பதத்தில் எவ்வளவு எண்ணெய் ஆவி எத்தனை மாதம் தாங்கும் என்று ஒரு அட்டவணை தரலாம். அதற்கு முன்னர், கிழங்கு அவிக்கும் வீடுகளுக்கு மழைக்கும் பனிக்கும் ஒதுங்கிய சூரிய உலர்த்திகள் கிடைக்க வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், அது உலர்த்திக்கே போகட்டும்.