டிரம் நின்றால் யார் பொறுப்பு?

லஸ், பனகல் பார்க், அடையாறு என மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளுக்கு கான்கிரீட் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரி டிரைவருக்குப் போக்குவரத்தைவிடப் பெரிய எதிரி கடிகாரம். ஐ.எஸ். 4926 தரவிதிப்படி, லோடு ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்த்திருந்தால் சற்றுக் கூடுதல் அவகாசம். அதற்குள் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்து டிரம் நின்றுபோனால் உள்ளே இருப்பது பாறைதான். அப்புறம் ஆள் இறங்கி உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

2020 ஏப்ரலில் கட்டாயமான பிஎஸ்-6 வண்டிகளில் இன்னொரு தலைவலி. யூரியாக் கரைசல் தீர்ந்தாலும், அதற்கான சென்சார் கோளாறானாலும் எஞ்சின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். பாலம் ஏறும்போது ஆபீசுக்கு போன் போட்டால், "எப்படியாவது கொண்டாந்துடுங்கண்ணே" என்கிறார் சூப்பர்வைசர். அண்ணே என்ற மரியாதை வருகிறது, மெக்கானிக் வருவதில்லை. (2025 அக்டோபர் முதல் புதிய லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயமாம். நல்லதுதான், காத்திருக்கவாவது உதவும்.)

ஆபத்தான கோளாறு தெரிந்தே வண்டியை ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் சொல்பவரும் குற்றவாளி என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு. ஆகவே டிரைவர்கள் புகாரை வாய்ப்பேச்சோடு விடாமல், கிளம்பும் முன்பே படத்தோடு வாட்ஸப்பில் போட்டுவைக்க வேண்டும். அந்த இரண்டு நீல டிக்கை எந்த மேனேஜராலும் மறுக்க முடியாது.