பேட்டரியை மிச்சப்படுத்த டைரியைக் கொடுக்காதீர்கள்!

சென்ற மாதம் சொந்த ஊரான காஞ்சிபுரம் போயிருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் என் மாமா தன் மொபைல் போனை நீட்டினார். "ஏம்ப்பா, நீ இன்ஜினியரிங் படிச்சவன்தானே? காலையில சார்ஜ் போட்டா மதியமே செத்துப் போகுது. என்னன்னு பாரு" என்றார்.

பார்த்தேன். யாரோ சொன்னார்கள் என்று 'பேட்டரியைச் சேமிக்கும்' ஆப் ஒன்றைப் போட்டிருந்தார். அது கான்டாக்ட்ஸ், போட்டோ, லொகேஷன் என்று எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கி வைத்திருந்தது. பட்டு நெய்பவருக்கு கான்டாக்ட்ஸ் என்பது வாடிக்கையாளர் பட்டியல். போட்டோ என்பது இன்னும் தறியில் ஏறாத டிசைன். இரண்டையும் தூக்கிக் கொடுத்தாயிற்று. பேட்டரியோ முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்தது!

மின்சாரத்தைச் சேமிக்க நம் அந்தரங்கத்தை விலையாகக் கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

முதலில், சார்ஜ் எங்கே போகிறது? திரைக்கு அடுத்தபடியாக, டவருடன் பேசுவதற்கு நிறையப் போகிறது. சிக்னல் குறைவான இடத்தில் போன் 'உரக்கக் கத்த' வேண்டியிருக்கிறது. சாதாரண 4ஜி போன் அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை சக்தியைக் கூட்டி அலைகளை அனுப்பும். பேசி முடித்த பிறகும் உடனே தூங்காது. 'இன்னும் ஏதாவது வருமா?' என்று சில விநாடிகள் விழித்திருக்கும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை இப்படி விழித்தால் பேட்டரி என்ன ஆகும்?

நீங்கள் எப்போது போனை எடுப்பீர்கள், எப்போது கீழே வைப்பீர்கள், எந்த வழியாகப் போவீர்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால், போனைச் சீக்கிரம் தூங்க வைக்கலாம். இந்தக் கணிப்பைத்தான் மெஷின் லேர்னிங் செய்கிறது. அதாவது, பழைய பழக்கங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரே கற்றுக்கொள்வது. ஆனால் அந்தப் பழக்கங்கள் உங்கள் டைரி அல்லவா? எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எந்தக் கோயிலுக்கு, எந்த டாக்டரிடம் போகிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை ஏன் இன்னொருவரின் சர்வருக்கு அனுப்ப வேண்டும்?

அனுப்ப வேண்டாம் என்கிறது 'பெடரேட்டட் லேர்னிங்' என்ற முறை. நெசவாளர் சங்கம் ஒன்று எல்லா வீடுகளுக்கும் ஒரே டிசைனைக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டில் நெய்து பார்த்து, 'இந்த இடத்தில் இரண்டு இழை தள்ளிப் போட வேண்டும்' என்று ஒரு சீட்டு மட்டும் எழுதி அனுப்புகிறார். சேலை வீட்டிலேயே இருக்கிறது. சங்கம் சீட்டுகளைச் சேர்த்துப் பார்த்து, திருத்திய டிசைனை எல்லோருக்கும் அனுப்புகிறது. இங்கே சேலைதான் உங்கள் டேட்டா. சீட்டுதான் போன் அனுப்பும் திருத்தம்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2017ல் கூகுள் தன் ஜிபோர்டு கீபோர்டில் இந்த முறையைச் சோதித்துப் பார்ப்பதாக அறிவித்தது. போன் சும்மா இருக்கும்போது, சார்ஜில் இருக்கும்போது, வை-பை கிடைக்கும்போது மட்டுமே கற்றுக்கொள்ளும்படி அமைத்தார்கள். கற்றுக்கொள்ளவும் மின்சாரம் செலவாகுமே! 2018ல் வந்த ஆண்ட்ராய்டு 9ன் 'அடாப்டிவ் பேட்டரி'யும், நீங்கள் எந்த ஆப்பை எப்போது திறப்பீர்கள் என்று போனுக்குள்ளேயே கணித்து, மற்றவற்றை அடக்கி வைத்தது.

சீட்டில் ரகசியம் கசியாதா? நல்ல கேள்வி. கசியலாம். சீட்டை மட்டும் வைத்து மூலப் படத்தையே திரும்ப வரைந்துவிடலாம் என்று 2019ல் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதனால் தனித்தனிச் சீட்டுகளை யாரும் பார்க்காதபடி, கூட்டுத்தொகை மட்டும் தெரியும்படி செய்ய வேண்டும்.

அது எப்படி? நான்கு பேர் தினமும் எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறார்கள் என்ற சராசரி வேண்டும். ஆனால் யாரும் தன் கணக்கைச் சொல்லமாட்டார்கள். முதலாமவர் மனதில் 100 என்று நினைத்து, தன் 3 மணியைக் கூட்டி 103 என்று அடுத்தவர் காதில் சொல்கிறார். அவர் தன் 5ஐக் கூட்டி 108 என்கிறார். மூன்றாமவர் 4 சேர்த்து 112. நான்காமவர் 8 சேர்த்து 120. முதலாமவர் 100ஐக் கழித்தால் 20. சராசரி 5. யார் கணக்கும் வெளியே வரவில்லை! போன்களில் இதே யோசனையை இன்னும் பலமான கணக்குகளோடு செய்கிறார்கள்.

இதை இப்போதே பேச ஒரு காரணம் உண்டு. மொபைல் நெட்வொர்க்குகளுக்கு விதி வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, 2024ல் முடித்த 18ஆம் பதிப்பில், டவர்கள் மெஷின் லேர்னிங் மூலம் மின்சாரம் சேமிக்க வழி செய்திருக்கிறது. டவர் கற்றுக்கொள்வது நம்முடைய நடமாட்டத்தை வைத்துத்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023ல் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் உருவான 5ஜி சோதனைக் கூடம் 2022 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. இந்த முறைகளை இங்கேயே சோதிக்கலாமே! வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவைக் கூட்டத்தில் தாக்குப்பிடிக்கும் முறை எங்கேயும் தாக்குப்பிடிக்கும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று தனியாக வரும் ஆப்களைப் போடாதீர்கள். போனின் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியிலேயே அந்த வசதி இருக்கிறது. ஒவ்வொரு ஆப்பின் பர்மிஷன்ஸையும் திறந்து, தேவையில்லாத லொகேஷன், கான்டாக்ட்ஸ் அனுமதிகளை நீக்குங்கள். புது லேப்டாப்புக்கும் இதே விதிதான். மின்சாரம் சேமிக்கும் வசதி விண்டோஸிலேயே கூட வருகிறது.

மாமாவின் போனில் அந்த ஆப்பை நீக்கினேன். அன்று இரவு வரை சார்ஜ் நின்றது. ஆனால் போன டிசைன் திரும்பி வருமா? அதனால்தான், முன்னாலேயே சொல்கிறேன்.