லிப்ட் கதவுக்கு 'டைரக்ட்' கொடுப்பது எமனுக்கு அழைப்பு!

சென்னை:-

மாலை 6 மணி. ஆபீஸ் விடும் நேரம். மூன்றாவது மாடியில் லிப்டுக்குள் எட்டு பேர். கதவு மூட வருகிறது, பாதியில் திறந்துகொள்கிறது. மறுபடி மூட வருகிறது, மறுபடி திறக்கிறது. "என்னய்யா இது ரோதனை?" என்று ஒருவர் கதவை எட்டி உதைக்கிறார். வாட்ச்மேன் ஓடி வந்து, "ஒரு தட்டு தட்டுனா சரியாயிடும் சார்" என்கிறார்.

பாரிமுனை முதல் தாம்பரம் வரை, லிப்ட் உள்ள கட்டிடங்களில் இது வாடிக்கையான காட்சி. ஆனால் இந்தக் கோளாறை எப்படிச் சரி செய்கிறார்கள் என்பதில்தான் உயிர் ஊசலாடுகிறது!

முதல் குற்றவாளி குப்பை

லிப்ட் என்றால் கயிறு அறுந்துவிடுமோ என்றுதான் ஜனங்களுக்குப் பயம். உண்மையில் அடிக்கடி மக்கர் செய்வது கதவுதான். ஒவ்வொரு மாடியிலும் திறந்து மூடி, நாள் முழுக்க உழைக்கும் பாகம் அது.

கதவின் அடிப்பாகம் வாசல்படியில் உள்ள பள்ளத்தில் ஓடுகிறது. அதில் மணல், குண்டூசி, பூ நார், மிட்டாய் காகிதம் எல்லாம் போய்ச் சேரும். சின்னக் கல் ஒன்று போதும், கதவு முழுசாக மூடாது. கதவு முழுசாக மூடாவிட்டால் லிப்ட் நகராது.

தானாக மூடும் கதவுகளில் பெரும்பாலும் வாசலின் இருபுறமும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஓடும். குறுக்கே ஆள் நின்றால் கதவு மூடாது. அந்தக் கதிர் வரும் இடத்தில் தூசு படிந்தாலும், ஆள் நிற்பதாக 'நினைத்து' கதவு திறந்துகொள்ளும்.

துடைப்பமும் துணியும் இருந்தால் முடிகிற வேலை இது. உதைத்தாலோ கதவுத் தகடு வளையும். மேலே உருளைகள் தடம் மாறும். பீரோ ஏற்றும்போது கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுப்பதும் இதே கதைதான்.

இரட்டைக் காவல்

ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் இரண்டு காவல் உண்டு. ஒன்று பூட்டு: லிப்ட் அந்த மாடிக்கு வராமல் கதவு திறக்கக்கூடாது. இன்னொன்று பூட்டோடு சேர்ந்த மின் 'காண்டாக்ட்': கதவு மூடிப் பூட்டாமல் லிப்ட் கிளம்பக்கூடாது.

காண்டாக்ட் தேய்ந்தாலோ துருப்பிடித்தாலோ, கதவு மூடியிருந்தும் லிப்ட் நின்றுவிடும். ஐந்தாவது மாடியில் முழங்கால் வலிக்காரப் பாட்டி. நாலாவது மாடியில் ஆபரேஷன் முடிந்து வந்தவர். அசோசியேஷன் செயலாளருக்குப் போனுக்கு மேல் போன். உதிரி பாகம் வர நாலு நாள் ஆகும் என்கிறார் மெக்கானிக். "அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டுப்பா" என்கிறார் செயலாளர்.

அங்கேதான் விபரீதம்! இரண்டு ஒயரை முறுக்கி 'டைரக்ட்' கொடுக்கப்படுகிறது. லிப்ட் ஓடுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் காவல்காரனின் கண்ணைக் கட்டியாகிவிட்டது. இனிமேல் கதவு திறந்திருந்தாலும் லிப்ட் கிளம்பும். ஏறும்போது ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே இருந்தால்..? நாலு நாள் நாலு மாதமாகும். ஒயர் முறுக்கிய விஷயமே மறந்துபோகும்.

பழுது எங்கே என்று தேடும்போது மெக்கானிக் சிறிது நேரம் இப்படிச் செய்வதுண்டு. ஆனால் ஜனங்கள் ஏறும் முன் அதைக் கழற்றியே ஆகவேண்டும்.

பூட்டு தேய்ந்தால் அதைவிட மோசம். லிப்ட் வேறு மாடியில் நிற்கும், ஆனால் இங்கே கதவு திறக்கும். லிப்ட் வந்துவிட்டது என்று காலை வைத்தால் கீழே வெறும் குழி!

பொறுப்பு யாருக்கு?

தமிழ்நாட்டில் லிப்டுகளுக்கென்று 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் லிப்ட் ஓட்டக்கூடாது. மேற்பார்வை அரசின் மின் ஆய்வுத்துறையிடம். ஆனால் ஆய்வாளர் தினமும் வந்து பார்க்க முடியுமா? 365 நாளும் பார்க்க வேண்டியது கட்டிடக்காரர்தான்.

வாசல்படிப் பள்ளத்தைத் தினமும் கூட்ட வேண்டும். மாடி கழுவும் தண்ணீர் லிப்ட் குழிக்குள் போகக்கூடாது. ஒவ்வொரு சர்வீசின்போதும், எல்லா மாடிக் கதவையும் மெக்கானிக் இரண்டு விதமாகச் சோதித்துக் காட்ட வேண்டும். லிப்ட் இல்லாத மாடியில் கதவு திறக்கிறதா? கதவு திறந்திருக்கையில் லிப்ட் நகர்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும் உடனே கரண்டை நிறுத்திவிட வேண்டும். எங்காவது 'டைரக்ட்' கொடுத்திருக்கிறதா என்று கேட்டு, சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வாங்குவது நல்லது.

உள்ளே மாட்டிக்கொண்டால் கதவைப் பிளந்து குதிக்கக்கூடாது. காற்று வர வழி இருக்கும், மூச்சு முட்டாது. அலாரம் அடித்துக் காத்திருக்க வேண்டும். தீயணைப்புப் படைக்கு 101, அவசர உதவிக்கு 112. வெளியிலிருந்து கதவைத் திறக்கும் சாவி, பயிற்சி பெற்றவர் கையில் மட்டும் இருக்க வேண்டும்.

லிப்ட் நின்றால் பாட்டிக்குக் கஷ்டம்தான். நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கலாம், கடைச் சாமானை மேலே கொண்டுபோய்க் கொடுக்கலாம். 'பழுது' என்று போர்டு மாட்டி நிறுத்திய லிப்ட் யாரையும் கொல்லாது. ஒயரை முறுக்கி ஓட்டும் லிப்ட், என்றைக்காவது ஒருநாள் கணக்கைத் தீர்த்துவிடும்!