சண்டைப் பிரியரும் கதைப் பிரியரும்

கம்ப்யூட்டரில் ஆர்.பி.ஜி. கேம் விளையாடுகிறீர்களா? அவற்றின் முன்னோடி, 1974-ல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. இதற்குக் காகிதம், பென்சில், பகடை போதும். 'டன்ஜன் மாஸ்டர்' கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள்.

சனிக்கிழமைகளில் நண்பர்களுக்கு நான்தான் மாஸ்டர். ஒருவருக்குச் சண்டை பிடிக்கும், இன்னொருவருக்குப் பேச்சும் கதையும். நான் சண்டையாகவே வைத்தேன். கதைப் பிரியர் வருவதை நிறுத்திவிட்டார். தவறு என்னுடையதுதான்.

இப்போது ஆரம்பிக்கும் முன்பே யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன். கோட்டை வாசலில் காவலன் நின்றால், அவனை அடித்தும் உள்ளே போகலாம், பேசிச் சமாளித்தும் போகலாம். நண்பர் மறுபடி வருகிறார்.

கம்ப்யூட்டர் கேம் நம் முகத்தைப் பார்த்துக் கதையை மாற்றாது. மாஸ்டர் மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். விதிப் புத்தகத்தைவிட எதிரே இருப்பவர் முகம் முக்கியம் என்பது என் கருத்து. நீங்களும் நடத்திப் பாருங்களேன்!